எலிக்கு ஆறினால் நமக்கும் ஆறுமா?



புற்றுநோயைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. இரண்டிலும் எலி வருகிறது.

முதலாவது, மருந்து விற்பவரின் பேச்சு. "இந்த இலையை எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. கட்டி அப்படியே கரைஞ்சு போச்சாம். எலிக்கே கேட்குதுன்னா மனுசனுக்குக் கேட்காதா?" பசார் மாலாமில் டப்பா விற்கிறவரும் இதைத்தான் சொல்கிறார். கைப்பேசியில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்புகிற செய்தியும் இதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, களைக்கொல்லி விற்பவர் பக்கத்துப் பேச்சு. "அது எலிக்குத்தானே வந்துச்சு? மனுசனுக்கா வந்துச்சு? சும்மா பயப்படாம அடிங்க."

கவனித்தீர்களா? எலி ஒன்றுதான், நியாயம் இரண்டாகிவிட்டது. லாபம் வருகிற இடத்தில் எலி மனிதனுக்குச் சமம். பொறுப்பு வருகிற இடத்தில் எலி வெறும் எலி! இரண்டு இடத்திலும் நஷ்டப்படுவது தொழிலாளிதான். ஆகவே எலியின் கட்டிக்கும் மனிதனின் கட்டிக்கும் உள்ள ஒற்றுமை என்ன, வேற்றுமை என்ன என்பதை நாமே தெரிந்துகொள்வது நல்லது. பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமையாகப் படித்தால் போதும்.

எலியின் கட்டி எப்படி வருகிறது?

ஆராய்ச்சிக்கூடத்து எலி நம் லயத்துக் கூரையில் ஓடுகிற எலி அல்ல. பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் எடையுள்ள சுண்டெலி. இரண்டு மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பல தலைமுறை இனம் பெருக்கி, எல்லா எலியும் ஒரே வார்ப்பாக இருக்கும்படி வளர்த்திருப்பார்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டு மரங்கள் நட்ட நிரையில் எல்லா மரமும் ஒரே தாய்மரத்தின் நகல்தானே? ஒரு மரத்தின் குணம் தெரிந்தால் மற்ற மரத்தின் குணமும் தெரியும். மனிதர்கள் அப்படியில்லை. கொட்டை விழுந்து முளைத்த மரங்களைப் போல ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒட்டு மர நிரையில் பலித்த உரம் காட்டு மரத்துக்கெல்லாம் பலிக்கும் என்று யாராவது சத்தியம் செய்வார்களா?

மனிதனுக்குப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. உயிரணுவின் உள்ளே ஒரு கோளாறு, அதன் மேல் இன்னொரு கோளாறு என்று பத்து ஆண்டு, இருபது ஆண்டு சேர்ந்து கட்டியாகிறது. எலிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எனவே கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதப் புற்று அணுக்களை ஊசியில் எடுத்து எலியின் தோலுக்கடியில் போட்டுவிடுகிறார்கள். ஒட்டுக் கட்டுகிற மாதிரிதான். சில வாரத்தில் கட்டி திரண்டுவிடும். எலியின் உடம்பு அந்நிய அணுக்களை எதிர்த்து அழித்துவிடாதா என்று கேட்பீர்கள். அதனால்தான் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த, உடம்பில் முடியில்லாத ஒரு வகை எலியைப் பயன்படுத்துகிறார்கள். மனிதக் கட்டியை இந்த எலியில் முதன்முதலாக வளர்த்துக் காட்டியவர்கள் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஆண்டு 1969.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இப்போது இரண்டு கட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, இடம். மார்பிலோ குடலிலோ வந்த மனிதக் கட்டி அந்த உறுப்போடு பின்னிப் பிணைந்திருக்கும். எலியில் போட்ட கட்டி பெரும்பாலும் தோலுக்கடியில் தனியாக உருண்டு நிற்கும்.

இரண்டாவது, அக்கம்பக்கம். கட்டி என்றால் புற்று அணுக்கள் மட்டும் அல்ல. அவற்றைச் சுற்றி நார்த்திசு, இரத்தக் குழாய், நோயை எதிர்க்கும் அணுக்கள் எல்லாம் உண்டு. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டித் துண்டையே எலியில் வைத்து வளர்த்தாலும், ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கு மாற்றிக்கொண்டே போனால், மனித நார்த்திசு மறைந்து எலியின் திசு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குடியிருப்பது மனிதப் புற்று, வீடும் வேலியும் எலியுடையது!

மூன்றாவது, கலப்பு. மனிதனின் ஒரே கட்டிக்குள் பல குணமுள்ள அணுக்கள் இருக்கும். மருந்து ஒரு கூட்டத்தைக் கொன்றால் மற்றொரு கூட்டம் தப்பித்து மறுபடி வளரும். பல ஆண்டு கண்ணாடித் தட்டில் வளர்ந்த அணுக்களில் அந்தக் கலப்பு மிகவும் குறைவு.

நான்காவது, பரவல். புற்றுநோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது முதலில் வந்த கட்டி அல்ல. அது ஈரல், நுரையீரல், எலும்பு, மூளை என்று பரவுவதுதான். எலித்தோலின் கீழ் வளர்கிற கட்டி அநேகமாகப் பரவாமல் அங்கேயே நிற்கும்.

ஐந்தாவது, அளவு. 20 கிராம் எலியில் 1 கிராம் கட்டி என்றால் உடம்பில் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதனுக்கு அந்தக் கணக்குப்படி 3 கிலோ கட்டி வரவேண்டும். அப்படி ஒரு கட்டியோடு வருகிற நோயாளி அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. எலிக்கு வயதாகித் தானாகவே வருகிற புற்று பெரும்பாலும் இரத்தம், நிணநீர், தசைநார் சம்பந்தப்பட்டது. மனிதனுக்கு வருவது பெரும்பாலும் வாய், மார்பு, குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளின் மேலணியில் தொடங்குவது. நல்ல அணு கெட்ட அணுவாக மாறுவதற்கு மனிதனைவிட எலிக்குக் குறைந்த கோளாறே போதும்.

1998-இல் நடந்தது

1998 மே 3-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜூடா ஃபோக்மன் கண்டுபிடித்த இரண்டு மருந்துகள், கட்டிக்குப் போகிற இரத்தக் குழாய்களை வளரவிடாமல் தடுத்து, எலிகளின் கட்டியை மறையச் செய்துவிட்டன என்பது செய்தி. மறுநாள் அந்த மருந்துக் கம்பெனியின் பங்கு 12 டாலரிலிருந்து 85 டாலர் வரைக்கும் தாவியது. எங்களுக்கும் கொடுங்கள் என்று நோயாளிகள் கெஞ்சினார்கள்.

ஃபோக்மன் நேர்மையான மனிதர். உங்களுக்குப் புற்றுநோய் இருந்து நீங்கள் எலியாகவும் இருந்தால் நன்றாகவே பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் அவரே எச்சரித்தார். அப்படியே ஆனது. மனிதர்களிடம் சோதித்தபோது அந்த மருந்துகளால் எலியில் கண்ட அதிசயம் நடக்கவில்லை. ஆனால் இரத்தக் குழாயைத் தடுக்கும் யோசனை வீண்போகவில்லை. அதே வழியில் வந்த அவாஸ்டின் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய குடல் புற்று நோயாளிகளுக்கு அது, மற்ற மருந்துகளோடு சேர்ந்து, சில மாத ஆயுளைக் கூட்டிக் கொடுத்தது. எலியில் முழுக்குணம், மனிதனில் சில மாதம். வித்தியாசம் இவ்வளவு!

1991 முதல் 2000 வரை பத்துப் பெரிய மருந்துக் கம்பெனிகளின் கணக்கை ஆராய்ந்து பார்த்தார்கள். விலங்குச் சோதனையில் தேறி, மனிதச் சோதனைக்கு வந்த புற்றுநோய் மருந்துகள் நூறு என்றால், கடைசியில் அனுமதி பெற்றவை சுமார் ஐந்துதான். மற்ற தொண்ணூற்றைந்தும் எலியிடம் பாஸ், மனிதனிடம் பெயில்.

அப்படியென்றால் எலிச் சோதனை வீணா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியைப் பாருங்கள். அந்த இலையைக் காய்ச்சிக் குடித்தால் நீரிழிவு குறையும் என்று ஜமைக்கா நாட்டு மக்கள் நம்பினார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இருவர் அதை எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியில் போட்ட எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்து போயின. வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகுகிற நோய்தானே இரத்தப் புற்று? அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனதில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகள் பிறந்தன. 1960-களிலிருந்து இன்றுவரை எத்தனையோ குழந்தைகளின் இரத்தப் புற்றைக் குணப்படுத்துகிற சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு இடம் உண்டு.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. நாட்டு மூலிகையில் சக்தி இருக்கலாம், அதை யாரும் கேலி செய்யவேண்டாம். ஆனால் மருந்தாவது இலை அல்ல. இலையிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, எலியில் பார்த்து, பிறகு மனிதனில் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கிற பொருள்தான் மருந்து. வின்கிரிஸ்டின் பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. கூடினால் நரம்பைத் தாக்கும். அதனால் நித்தியகல்யாணியைப் பறித்துக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். அது விஷச் செடி.

நம் நாட்டில் கெலாடி திக்குஸ், பெலாலாய் காஜா போன்ற இலைகளைப் புற்றுநோய்க்கு என்று விற்கிறார்கள். கண்ணாடித் தட்டிலும் எலியிலும் சோதித்திருக்கிறார்கள் என்பது மெய். மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, புற்று குணமாகிறது என்று நிரூபித்ததில்லை. அவை இன்னும் முதல் படியிலேயே நிற்கின்றன.

விஷத்தின் பக்கம்

இப்போது இரண்டாவது பேச்சுக்கு வருவோம். "எலிக்குத்தானே வந்துச்சு?"

பிளாஸ்டிக் குழாய் செய்ய வினைல் குளோரைடு என்ற வாயு தேவை. இத்தாலியில் செசாரே மால்டோனி என்ற விஞ்ஞானி எலிகளை அந்த வாயுவைச் சுவாசிக்க வைத்தார். 1972 வாக்கில், எலிகளின் ஈரலில் இரத்தக் குழாயைச் சேர்ந்த ஓர் அபூர்வமான புற்றைக் கண்டார். கம்பெனிகள் என்ன செய்தன? முடிவை வெளியே சொல்லாமல் தங்களுக்குள் வைத்துக்கொண்டன. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், பி.எஃப். குட்ரிச் கம்பெனித் தொழிலாளர்கள் மூன்று பேர் அதே அபூர்வமான ஈரல் புற்றால் இறந்திருந்தது வெளியே வந்தது. எலியின் ஈரலில் கண்ட அதே வகைக் கட்டி, அந்தத் தொழிலாளிகளின் ஈரலிலும்! அதே ஆண்டில் அமெரிக்க அரசு, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்கு என்றிருந்த வரம்பை 1 பங்காகக் குறைத்தது. அந்த எலிகளின் சாட்சியை உடனே வெளியிட்டிருந்தால், கட்டுப்பாடும் முன்னதாகவே வந்திருக்குமல்லவா?

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் எதிர்ப்பக்கத்துக் கதையையும் சொல்லியாகவேண்டும். சக்கரின் என்ற இனிப்பை நிறையக் கொடுத்ததில் ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1977-இல் அமெரிக்காவில் தடை போடப் பார்த்தார்கள். பிறகு ஆராய்ந்ததில், எலியின் சிறுநீரில் மட்டும் உண்டாகிற ஒருவகைப் படிகம் பையை உறுத்திப் புண்ணாக்கியதுதான் காரணம், மனிதனுக்கு அப்படி நேராது என்று தெரிந்தது. 2000-இல் சக்கரினைப் புற்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதற்கு நேர்மாறானது சிகரெட். புகையைச் சுவாசிக்க வைத்தும் எலிகளுக்கு நுரையீரல் புற்று சுலபத்தில் வரவில்லை. சிகரெட் கம்பெனிகள் அதையே சாக்காக வைத்துக் காலம் கடத்தின. மனிதர்களோ இலட்சக்கணக்கில் செத்தார்கள்.

ஆக எலி எல்லா நேரமும் சரியாகச் சொல்வதில்லை. ஆனால் தராசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, தோழர்களே. எலியை ஆற்றிய மருந்தை மனிதச் சோதனை முடியும்வரை நம்பாமல் இருந்தால், அதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்கிற நல்ல சிகிச்சையைப் பெறலாம், நமக்கு நஷ்டமில்லை. எலிக்குப் புற்று தந்த விஷத்தை மனிதச் சாட்சி கிடைக்கும்வரை தாராளமாக அடித்துக்கொண்டிருந்தால், அந்தச் சாட்சியே நாம்தான்! மருந்துக்கு மனிதச் சாட்சி கேள். விஷத்துக்கு எலிச் சாட்சியிலேயே எச்சரிக்கையாகு. என் கருத்து இதுதான்.

செம்பனைத் தோட்டங்களில் அடிக்கிற கிளைபோசேட் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் அதை, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. விலங்குகளில் போதிய சாட்சி உண்டு, மனிதரில் சாட்சி குறைவு என்பது அதன் தீர்ப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதே ஆண்டில் மாறாக, புற்று உண்டாக்க வாய்ப்பில்லை என்றது. பெரியவர்கள் வாதாடட்டும். அதுவரை தோம்பு சுமந்து மருந்தடிக்கிற பெண்ணுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் இருப்பதற்கு இந்த வாதம் காரணமாகாது. இரசாயனங்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வந்த நம் நாட்டு விதிகளின்படி, ஆபத்தை மதிப்பிடுவதும், தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுப்பதும், பாதுகாப்புச் செய்வதும் முதலாளியின் கடமை. கேட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை.

எலியே தேவையில்லாத இடம்

வாய்ப்புற்றை ஆராய வெள்ளெலி என்ற ஒரு பிராணியைப் பயன்படுத்துவார்கள். அதன் கன்னத்துக்குள் தீனியை அடக்கி வைக்க ஒரு பை உண்டு. நம் பெரியவர்களும் வெற்றிலை பாக்கைக் கன்னத்தில்தானே அடக்கி வைக்கிறார்கள்! ஆனால் இந்த விஷயத்தில் வெள்ளெலியின் சாட்சி நமக்குத் தேவையே இல்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? மனிதச் சாட்சியே மலைபோல் இருக்கிறது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு மெல்வது புற்றுநோய் தரும் என்று அதே ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் உறுதியாக அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது இந்தியர்களுக்கு. இது நம் வீட்டுச் சங்கதி.

என்ன செய்யவேண்டும்?

1. "எலியில் குணமாச்சு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மனிதர்களிடம் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? சாதாரண சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்களா? பதில் வராவிட்டால் பணப்பையை மூடுங்கள்.

2. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. டப்பாவில் பதிவு எண் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பாரம்பரிய மருந்து என்று கொடுத்த பதிவு, புற்று ஆறும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

3. மூலிகை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஆஸ்பத்திரி மருந்தோடு மோதும்.

4. வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம், இதில் எது இருந்தாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

5. மருந்தடிக்கிற வேலையென்றால் மருந்தின் பெயரையும், எந்தெந்த நாள் அடித்தீர்கள் என்பதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு நோய் வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

நம் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரையிலான கணக்கைப் பாருங்கள். பத்து நோயாளிகளில் ஆறு பேருக்கு மேல் மூன்றாவது, நான்காவது கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். பயத்தாலும் வசதிக்குறைவாலும் தாமதித்தவர்கள் உண்டு. எலிக்கு ஆறிய இலையை நம்பி ஆறு மாதம் இழந்தவர்களும் அதில் உண்டு. முதல் கட்டத்தில் கத்தியால் வெட்டி எடுத்திருக்கக்கூடிய கட்டி, அந்த ஆறு மாதத்தில் கைமீறிப் போய்விடும்.

எலி நமக்காக உயிரைக் கொடுக்கிற பிராணி. அது சொல்கிற சாட்சியை விற்பனைக்காரர்கள் தங்கள் வசதிக்குத் திரிக்க விடாதீர்கள். இதைப் படித்தவர்கள் படிக்காத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்கே உங்கள் அம்மாவை, பாட்டியை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பாருங்கள்.